ரத்னா, முருகன், ராயர்: இரண்டாவது கரண்டி சாம்பாரை வைத்து ஒரு கணக்கு

டிபன் கடையை முதல் தட்டை வைத்து எடைபோடக் கூடாது என்பது என் கட்சி. முதல் தட்டு எங்கேயும் ஓரளவு ஒழுங்காகத்தான் வரும். இட்லி பாதி இருக்கும்போது சாம்பார் தீர்ந்துபோகுமே, அப்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். சர்வர் தானாக வருகிறாரா? கூப்பிட்டால் வருகிறாரா? கூப்பிட்டும் காதில் விழாதவர் போலப் பக்கத்து மேஜையைத் துடைக்கிறாரா? பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் பளபளவென்று ஒரு கடை. இரண்டாவது கிண்ணம் சாம்பார் கேட்டதற்குத் தனியாக பில்லில் ஏற்றினார்கள். இட்லி என்னவோ நன்றாகவே இருந்தது. ஆனாலும் மறுபடி அந்தக் கடைக்குப் போகத் தோன்றவில்லை.

இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டு, சென்னையில் இட்லிக்குப் பேர்போன மூன்று கடைகளைப் பார்க்கலாம் என்று உத்தேசம். திருவல்லிக்கேணி ரத்னா கஃபே, மதுரையிலிருந்து வந்த முருகன் இட்லி கடை, மயிலாப்பூர் ராயர் மெஸ். சரவண பவன் எங்கே என்று சிலர் கேட்பீர்கள். வருகிறேன்.

ரத்னாவிலிருந்து தொடங்குவோம். 1948-இல் ஆரம்பித்த கடை. ஆரம்பித்தவர்கள் உத்தரப் பிரதேசத்து மதுராவிலிருந்து வந்த குப்தா குடும்பத்தினர். சாம்பார் எங்கள் சொத்து என்று மார்தட்டும் நண்பர்களிடம் இதைச் சொல்லிவிட்டு அவர்கள் முகத்தைப் பார்ப்பது எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். இங்கே இட்லிக்குத் தொட்டுக்கொள்ள சாம்பார் வருவதில்லை. சாம்பாருக்குள் இட்லி வருகிறது. தட்டில் இட்லியை வைத்து, அது முங்கும் வரை மேலே ஊற்றிவிடுவார்கள். நீங்கள் ஸ்பூனால் உடைத்து, ஊறவிட்டு, சாம்பாரோடு சேர்த்து அள்ளிச் சாப்பிட வேண்டும். மட்டம் இறங்கினால் சாம்பாரோடு சுற்றிவரும் சர்வர் கேட்காமலே மறுபடி ஊற்றிவிட்டுப் போவார். போதும் என்று நீங்கள்தான் கை காட்ட வேண்டும்.

சாம்பார் ஓடுகிற பதத்தில் இருக்கும். வறுத்து அரைத்த மசாலா மணமும், அடியில் லேசான இனிப்பும் உண்டு. அந்த இனிப்பு பிடிக்காதவர்கள் இருக்கிறார்கள். திருநெல்வேலிக்காரர் ஒருவரை அழைத்துப்போனால் முதல் வாயிலேயே புருவத்தைத் தூக்குவார். எனக்கு அந்த இனிப்பில் குறையில்லை. அது இல்லாவிட்டால் இத்தனை சாம்பாரைக் குடிக்க முடியாது, புளிப்பும் காரமும் நாக்கை அடித்துவிடும்.

ரத்னா இட்லியைத் தனியாகப் பிய்த்து வாயில் போட்டால் பெரிதாக ஒன்றும் தோன்றாது. முருகன் கடை இட்லியோடு ஒப்பிட்டால் கொஞ்சம் இறுக்கம்கூட. பலர் இங்கேதான் மதிப்பெண்ணைக் குறைக்கிறார்கள். ஆனால் பஞ்சு மாதிரி மெத்தென்ற இட்லியை இந்த மாதிரி முக்கி வைத்தால் இரண்டு நிமிடத்தில் கூழாகிவிடும். ஊறியும் உடையாமல் நிற்க வேண்டுமானால் இட்லிக்கு அந்த உடம்பு வேண்டும்.

முருகன் இட்லி கடையில் கதை தலைகீழ். வாழையிலையில் இட்லி. பக்கத்தில் நாலு விதச் சட்னி: தேங்காய், தக்காளி, கொத்தமல்லி, புதினா. சாம்பாரும் உண்டு, ஆனால் அது ஐந்தாவது ஆள். கேட்டால் பொடியும் நல்லெண்ணெயும் வரும். கேளுங்கள். மதுரைக்காரர்களுக்கு இட்லி என்பது இரவு நேரத்துச் சாப்பாடும்கூட. தெருவோரத்தில் துணி விரித்த தட்டில் வேகவைத்து, சூடாக இலையில் தள்ளி, மேலே சட்னிகளை ஊற்றுவார்கள். அந்தப் பழக்கத்தின் வாரிசுதான் இந்த இலை. வெறும் இட்லியே தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கும் மென்மை. மூன்று கடைகளில் இட்லியை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்கச் சொன்னால் பத்துக்கு எட்டுப் பேர் இதைத்தான் சொல்வார்கள் என்பது என் ஊகம். வெங்காய ஊத்தப்பமும் சாப்பிட வேண்டியது. ஜிகர்தண்டாவை மதுரைக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது கரண்டி விஷயத்தில் முருகன் கடைக்கு இயல்பாகவே ஒரு சிக்கல் உண்டு. நாலு சட்னி என்றால் நாலும் ஒரே வேகத்தில் தீராது. தக்காளிச் சட்னி முதலில் காலியாகும், புதினா அப்படியே இருக்கும். சர்வர் நாலையும் தூக்கிக்கொண்டு வந்து, எது வேண்டும் என்று இலையைப் பார்த்தே புரிந்துகொள்ள வேண்டும். கண் உள்ள சர்வர் மேஜைக்கு வாய்த்தால் ராஜ உபசாரம். கிளைகள் பல இருக்கும் எந்தக் கடையிலும் அந்தக் கண் கிளைக்குக் கிளை மாறும். மாவையும் பொடியையும் ஒரே இடத்தில் தயார் செய்து வேனில் ஏற்றி அனுப்பலாம், சர்வரின் கவனத்தை அப்படி அனுப்ப வழியில்லை.

இனி ராயர் மெஸ். மயிலாப்பூரில் கச்சேரி சாலையை ஒட்டிய அருண்டேல் தெருவில், ஒரு குறுகலான சந்துக்குள் நுழைய வேண்டும். பலகையைத் தேடிக்கொண்டு போனால் தாண்டிப் போய்விடுவீர்கள். பல தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்துகிறது. இருபது பேர் போல உட்கார்ந்தால் இடம் நிறைந்தது. காலையில் இட்லி, பொங்கல், வடை, காபி. கூடவே ஊரே பேசும் கெட்டிச் சட்னி.

கெட்டிச் சட்னி பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தேங்காயும் பச்சைமிளகாயும் பேருக்குத் தண்ணீர் தெளித்து அரைக்கும் சமாச்சாரம். காரம் மெதுவாக ஏறும். இட்லியில் ஒட்டிக்கொண்டு நிற்கும், தட்டில் ஓடாது. தேங்காய்ச் சட்னியின் எதிரி கடிகாரம். ஐந்து மணிக்கு அரைத்தது எட்டரைக்கே மணம் மங்கி, ஓரத்தில் நீர் விட ஆரம்பிக்கும். அதனால்தான் பெரிய கடைகள் பொட்டுக்கடலையைக் கூட்டி, தண்ணீர் சேர்த்து, தாளிப்பால் சமாளிக்கின்றன. கொஞ்சம் கொஞ்சமாக அரைத்து அரைத்துத் தீர்க்க முடிகிற கடைக்குத்தான் கெட்டிச் சட்னி கட்டுப்படியாகும். ராயர் மெஸ் சின்னதாக இருப்பதைக் குறையாகச் சொல்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை. கடை பெரிதானால் முதலில் போவது அந்தச் சட்னிதான்.

சாம்பார் இதற்கு நேர்மாறு. பெரிய அண்டாவில், பருப்பு குழைந்து, அடுப்பைவிட்டு இறங்காமல், ஒரு பக்கம் தீரத் தீர மறுபக்கம் புதிது வந்துகொண்டிருந்தால் அதன் ருசி கூடும். கூட்டம் குறைந்தால்தான் சாம்பாருக்கு ஆபத்து. சுட வைத்துச் சுட வைத்து, சுண்டியதில் வெந்நீர் ஊற்றி நீட்டுவார்கள். ரத்னாவில் அந்த ஆபத்து குறைவு. திருவல்லிக்கேணி மேன்ஷன்வாசிகள், பார்த்தசாரதி கோயிலுக்கு வந்தவர்கள், சேப்பாக்கத்தில் மேட்ச் பார்க்கப் போகிறவர்கள் என்று அண்டாவைக் காலி செய்ய ஆள் வந்துகொண்டே இருக்கிறார்கள். கேட்காமல் ஊற்றும் தாராளம் முதலாளியின் நல்ல மனசு மட்டுமில்லை. ஊற்றித் தீர்த்தால்தான் அடுத்த அண்டா புதிதாக இருக்கும்.

பொடியோ மூன்றாவது ரகம். காய்ந்த சரக்கு, கெடாது, எங்கேயும் கொண்டுபோகலாம். முருகன் இட்லி கடை சிங்கப்பூர் வரைக்கும் போனதில் எனக்கு ஆச்சரியமில்லை. ராயர் மெஸ் மயிலாப்பூரைத் தாண்டாததிலும் ஆச்சரியமில்லை. ரத்னா நடுவில் நிற்கிறது. நகருக்குள் கிளைகள் திறந்தார்கள், ஆனால் திருவல்லிக்கேணிக் கடையில் சாப்பிட்டால்தான் சாப்பிட்ட மாதிரி என்று சாதிக்கும் கூட்டம் இன்னும் இருக்கிறது. நானும் அந்தக் கூட்டம்தான்.

ராயரில் இரண்டாவது கரண்டி எப்படி? இடம் சின்னதாக இருப்பதால் பரிமாறுகிறவர் உங்களைவிட்டு நாலடிக்கு மேல் தள்ளிப் போகவே முடியாது. சட்னி வேண்டும் என்று வாய் திறப்பதற்குள் கை வந்துவிடும். ஆனால் உங்கள் முதுகுக்குப் பின்னால் அடுத்தவர் நின்றுகொண்டிருப்பார். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், நிற்பார், அவ்வளவுதான். காபியை ஆற்றி ஆற்றிக் குடித்துக்கொண்டு செய்தித்தாள் படிக்கிற இடமில்லை இது. அதற்கென்று ஊரில் இருந்த இடம் கதீட்ரல் சாலை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன். 2008-இல் மூடிவிட்டார்கள், இப்போது அங்கே செம்மொழிப் பூங்கா. ஒரு காபிக்கு இரண்டு மணி நேரம் பேசியவர்கள் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை.

சரி, சரவண பவன். 1981-இல் கே.கே. நகரில் தொடங்கி உலகம் சுற்றிய கடையை இந்தக் கணக்கில் சேர்க்காததற்குக் காரணம், அது இரண்டாவது கரண்டிக்கு வேறொரு தீர்வு கண்டுபிடித்ததுதான். பதினான்கு குட்டி இட்லியைச் சாம்பாரில் மிதக்கவிட்டு, மேலே நெய்யைத் தெளித்து, ஒரே கிண்ணத்தில் கொடுத்துவிட்டால் மறுபடி கேட்க வேண்டிய தேவையே குறைந்துவிடும். அளவு முதலிலேயே முடிவாகிவிட்டது. கெட்டிக்கார யோசனை. எந்த ஊரில் போனாலும் என்ன வரும் என்று முன்கூட்டியே தெரியும். குழந்தைகளோடு, முழங்கால் வலிக்கும் பெரியவர்களோடு, சுத்தமான கழிப்பறை வேண்டும் என்ற கவலையோடு வெளியே கிளம்பினால் நானும் இந்த ரகக் கடைக்குத்தான் போவேன். அந்த மாதிரி நாளில் கெட்டிச் சட்னியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பில்லைப் பற்றி ஒரு வார்த்தை. ஏ.சி. ஹாலில் வரி அதிகம் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். 2017 நவம்பர் 15 முதல் இந்த மாதிரிக் கடைகளில் ஏ.சி. இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். ஏ.சி. பக்கம் கூடுதலாகக் கொடுத்தீர்கள் என்றால் அது கடை வைத்த விலை, அரசாங்கத்தின் தலையில் போட வேண்டாம். சர்வீஸ் சார்ஜ் என்று தானாக பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொல்லிவிட்டது. டிபன் கடைகளில் அந்தத் தொல்லை பெரும்பாலும் கிடையாது. ஆனால் மறுபடி ஊற்றினாரே, அவருக்கு ஏதாவது கொடுத்துவிட்டு எழுந்திருங்கள். ஜிபே வந்த பிறகு பில்லோடு வரும் தட்டில் சில்லறை விழுவது நின்றேபோய்விட்டது.

இன்னொன்று. செயலியில் நட்சத்திரம் பார்த்துக் கடை தேடுகிறவர்கள், அந்த நட்சத்திரத்தில் பார்சல் வாங்கியவர்கள் போட்டதும் சேர்ந்திருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். சாம்பார் இட்லி பார்சலில் சாம்பார் தனி, இட்லி தனி. டப்பாவுக்குள் ஆவி இறங்கி இட்லி ஈரமாகி, சாம்பார் வெதுவெதுப்பாகி வந்து சேரும். அதைச் சாப்பிட்டுவிட்டு மூன்று நட்சத்திரம் போட்டால் அது ரத்னாவுக்கான மதிப்பெண் ஆகாது. பார்சலுக்கு என்றால் யோசிக்காமல் முருகன் கடைப் பொடி இட்லி. நல்லெண்ணெயில் ஊற ஊற ருசி ஏறும், வண்டி போக்குவரத்தில் மாட்டினாலும் கவலையில்லை.

காபியை இந்தப் போட்டிக்குள் இழுக்கவில்லை. இழுத்தால் ராயர் ஜெயிப்பார், விவாதம் அதோடு முடிந்துவிடும்.

ஆக என் தீர்ப்பு: இரண்டாவது கரண்டிக்கு ரத்னா முதலிடம், சந்தேகமே இல்லை. மூன்றாவது, நாலாவது கரண்டிக்கும் அதுவே. இட்லிக்கும் சட்னிக்கும் உள்ள பொருத்தத்தில் ராயரைத் தொட ஆளில்லை, ஆனால் அங்கே நான் தனியாகத்தான் போவேன். நாலு பேராகப் போனால் நாலு பேரும் நாலு மூலையில் உட்கார வேண்டிவரும். முருகன் கடை, இட்லியை இட்லிக்காகவே சாப்பிடுகிறவர்களுக்கு. அல்லது ஒரே மேஜையில் ஒருவருக்குக் காரம் வேண்டும், ஒருவருக்கு வேண்டாம், குழந்தைக்குத் தேங்காய்ச் சட்னி மட்டும் என்கிற குடும்பத்துக்கு.

ராயருக்கு முதல்முறை போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். வார நாளில் ஏழரைக்குள் போய், உட்கார்ந்ததுமே வடையைச் சொல்லிவிடுங்கள். இட்லி அடுத்த ஈடு இறங்கும், வடை தீர்ந்தால் தீர்ந்ததுதான். ரத்னாவில் இதற்கு எதிர்ப்பதம்: வடையைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, தட்டில் மிச்சமிருக்கும் சாம்பாரில் போட்டு, மேலே இன்னொரு தடவை ஊற்றச் சொல்லுங்கள்.