கண்மாய்க்கரை வளைவுக்கு எந்த வண்டி?

காரைக்குடிப் பக்கம் பைக் பைத்தியம் பிடித்தவனுக்கு ஒரே ஒரு குறை. எங்கள் பக்கத்தில் வளைவு கிடையாது. நகரத்தார் ஊர்களில் தெருக்கள் நூல் பிடித்தது போல நேராகப் போகும். கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டின் முகப்பு இந்தத் தெருவில் இருந்தால் பின்கட்டு வாசல் அடுத்த தெருவில் திறக்கும். வீட்டை ஒரு சுற்று சுற்றினால் நாலு செங்கோணத் திருப்பம், அதோடு சரி. மலைப்பாதை வேண்டுமென்றால் சிறுமலைக்கோ கொடைக்கானலுக்கோ போக வேண்டும்.

மிச்சம் இருப்பது கண்மாய்க்கரைகள்தான். நிலத்தின் சரிவைப் பார்த்து அந்தக் காலத்தில் கரை கட்டினார்கள். கரை வளைந்த இடத்தில் எல்லாம் அதன் மேல் போட்ட தார்ச்சாலையும் வளைகிறது. அகலம் கொஞ்சம்தான். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல் பள்ளம். விடிகாலை ஐந்தரைக்கு, டீக்கடையில் பால் காயும் நேரத்தில், நான் வண்டியை எடுத்துக்கொண்டு அங்கேதான் போவேன்.

போன மாதம் அக்கா மகன் வந்து நின்றான். "மாமா, கேடிஎம் ஆர்சி 390 எடுக்கலாம்னு இருக்கேன். இங்கயும் ஓட்டணும், வருஷத்துக்கு ரெண்டு தடவை ரேஸ் ட்ராக்குக்கும் போகணும். என்ன சொல்றீங்க?"

"வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் மறுநாளே போய் முன்பணம் கட்டிவிடுவான். அவன் அப்பாவும் அப்படித்தான். அதனால் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

விளம்பரத்தில் வரும் குதிரைத்திறன் வேறு, ஆள் ஏறி உட்கார்ந்த பிறகு மிஞ்சுவது வேறு. ஆளை 70 கிலோ என்று வைத்துக்கொள்வோம். யமஹா எம்டி-15, ஆர்15 இரண்டுக்கும் ஒரே 155 சிசி இன்ஜின், 18.4 குதிரைத்திறன். வண்டி எடை 140 கிலோவை ஒட்டி. ஆளோடு சேர்த்து ஒவ்வொரு 100 கிலோவுக்கும் கிட்டத்தட்ட 8.7 குதிரை கிடைக்கும். டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஆர் 200 4வி 20.8 குதிரைத்திறன், 152 கிலோ. அதற்கு 9.4. கேடிஎம் 200 டியூக் 25 குதிரைத்திறன், 160 கிலோவுக்குப் பக்கம். அதற்கு 10.9. ஆர்சி 390க்கு 43.5 குதிரைத்திறன், 172 கிலோ. அதற்கு 18.

"பாத்தீங்களா, ரெண்டு மடங்கு!" என்றான். தப்பான இடத்தில் சந்தோஷப்படுகிறான் என்று எனக்குப் பட்டது.

அந்த 18ஐ இங்கே எங்கே செலவழிப்பது? 390ல் இரண்டாவது கியரை முழுசாக இழுப்பதற்குள் ஊருக்குள் அனுமதித்த வேகம் எப்போதோ தாண்டிப் போயிருக்கும். கரை வளைவில் ஆக்ஸிலேட்டரைக் கால்வாசி திருகினாலே போதும், மீதி முக்கால்வாசி சும்மா கிடக்கும். எம்டி-15ல் இரண்டாவது கியரைக் கடைசி வரைக்கும் இழுத்தாலும் எழுபதை ஒட்டித்தான் நிற்கும். மீட்டர் நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுற்றைத் தொடுகிறது, இன்ஜின் கத்துகிறது, நாம் கியரை மிதித்துத் தள்ளிக்கொண்டே இருக்கிறோம், எதிரே வருகிற பால்காரரோ நம்மைப் பார்த்துப் பயப்படுவதில்லை. சின்ன வண்டியின் சுகம் இதுதான். கையில் உள்ளது எல்லாவற்றையும் பயன்படுத்தி ஓட்டலாம், ஓட்டிவிட்டு வீட்டுக்கும் திரும்பலாம்.

பிரேக் கணக்கு இன்னும் முக்கியம். ஒரு வளைவுக்கு 60ல் வருகிறவனைவிட 80ல் வருகிறவன் பிரேக்கில் கரைக்க வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 1.8 மடங்கு. வேகம் கூடியது மூன்றில் ஒரு பங்கு, வேலை கூடியது முக்கால் பங்குக்கு மேல். எடையும் சேர்ந்தால் இன்னும் கூடும். எங்கள் கரைகளில் வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. தை, மாசியில் சாலையிலேயே நெல் காயும். ஆட்டுமந்தை நிற்கும். எல்லாவற்றுக்கும் மேல் மயில். ஒரு தடவை இரவல் வாங்கிய பெரிய வண்டியில் வளைவுக்குள் நுழையும்போது மயில் ஒன்று தோகையை இழுத்துக்கொண்டு நிதானமாகக் குறுக்கே நடந்தது. பிரேக்கை அமுக்கினேன், முன்சக்கரம் ஓரத்துச் செம்மண் சரளையில் ஏறியது. முழங்கையில் இன்னும் தழும்பு இருக்கிறது. வண்டி மேல் குற்றம் இல்லை, வேகம் என்னுடையது. மயில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சரி, அந்தச் சின்ன வண்டிகளுக்குள் எது?

ஆர்15ம் எம்டி-15ம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். இன்ஜின், 'டெல்டாபாக்ஸ்' என்கிற சட்டகம், ஆறு கியர், சட்டென்று கியரைக் குறைத்தாலும் பின்சக்கரம் துள்ளாமல் காக்கும் ஸ்லிப்பர் கிளட்ச் எல்லாம் பொது. நிமிஷத்துக்கு 7,400 சுற்றில் வால்வு திறக்கும் அளவை மாற்றுகிற விவிஏ ஏற்பாடும் இரண்டிலும் உண்டு. அதற்குக் கீழே சாதுவாக இருக்கும், தாண்டினால் குரலே மாறிவிடும். வித்தியாசம் உட்காரும் விதத்தில். ஆர்15ல் கைப்பிடி தாழ்வு, கால் பின்னுக்கு, உடம்பு டேங்க் மேல் படுக்கும். ட்ராக்கில் அது வரம். முன்சக்கரத்தில் எடை விழுவதால் வளைவுக்குள் முன்டயர் என்ன செய்கிறது என்று உள்ளங்கையில் தெரியும். காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ்ஸுக்குப் பின்னால் பத்து நிமிஷம் ஊர்ந்து பாருங்கள், மணிக்கட்டு கெஞ்சும். எம்டி-15ல் கைப்பிடி அகலமாக, உயரமாக இருப்பதால் நெஞ்சை நிமிர்த்தி உட்காரலாம். கையால் லேசாகத் தள்ளினால் வண்டி சாயும். கரை வளைவில் இடம் வலம் என்று மாற்றி மாற்றி எடுக்க இதைவிட லேசான வண்டி இந்தக் கூட்டத்தில் இல்லை. 10 லிட்டர் டேங்க்தான் சின்னது. நான் வைத்திருப்பது இதுதான் என்பதால் கொஞ்சம் பாரபட்சம் இருக்கலாம், கழித்துக்கொள்ளுங்கள்.

200 டியூக் முரட்டுப் பிள்ளை. 2012ல் வந்தபோது இந்த ஊர்ப் பையன்கள் ஷோரூம் கண்ணாடியில் மூக்கை ஒட்டி நின்றது நினைவிருக்கிறது. கீழ்ச் சுற்றில் கொஞ்சம் சோம்பல், பாதிக்கு மேல் போனதும் சிராவயல் மஞ்சுவிரட்டில் அவிழ்த்துவிட்ட காளை மாதிரி ஒரு பாய்ச்சல். பின்னால் 150 மில்லிமீட்டர் அகல டயர். கம்பிகளைப் பின்னினாற் போன்ற சட்டம் விறைப்பானது, வளைவில் நெளியாது. சீட் உயரம் 82 சென்டிமீட்டருக்கு மேல். என் உயரத்துக்குச் சிக்னலில் ஒரு காலைத்தான் முழுசாக ஊன்ற முடிகிறது. ட்ராக் மட்டும்தான் குறி என்றால் யமஹாவை விட்டுவிட்டு இதன் அக்கா தங்கையான ஆர்சி 200ஐ எடுக்கச் சொல்வேன். சாலையில் இது நம்மைச் சும்மா இருக்க விடாது, எப்போதும் ஏதாவது செய்யச் சொல்லி உசுப்பிக்கொண்டே இருக்கும். இருபத்திரண்டு வயதில் அது பிடிக்கும். நாற்பத்தைந்தில் முதுகுவலி.

ஆர்டிஆர் 200 4வி ஓசூர்ச் சரக்கு. டிவிஎஸ் 1982லிருந்து ரேஸ் அணி நடத்துகிற கம்பெனி. ஆர்டிஆர் என்ற மூன்று எழுத்தே 'ரேஸிங் த்ராட்டில் ரெஸ்பான்ஸ்' என்பதன் சுருக்கம்தான். இது ஆயில் கூலிங், ஐந்து கியர். இந்த விஷயத்தில் காகிதத்தில் யமஹாவுக்கும் கேடிஎம்முக்கும் ஒரு படி கீழே தெரியும். ஓட்டிப் பார்த்தால் அன்றாடச் சவாரிக்கு இதுதான் நிம்மதி. ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் கிளட்சை விட்டாலே மெல்ல ஊர்ந்து போகும் வசதி இருக்கிறது, சந்தைக் கூட்டத்தில் அதன் அருமை தெரியும். ஸ்போர்ட், அர்பன், ரெயின் என்று மூன்று மோடு. கடைசி இரண்டில் சக்தி பதினேழு குதிரைக்கு இறங்கிவிடும். மகனுக்கு வண்டி வாங்கிக் கொடுக்கிற அப்பாக்களுக்கு இது பிடிக்கும், எந்த மகனும் அந்த மோடில் வைத்து ஓட்டப்போவதில்லை என்பது வேறு விஷயம்.

இந்தப் பேச்சுக்கு நடுவில் பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 வராவிட்டால் காரைக்குடியில் யாரும் மன்னிக்க மாட்டார்கள். 98 சிசி, 11 குதிரைத்திறன், நூற்றுச் சொச்சம் கிலோ. 1985லிருந்து 1996 வரை வந்த வண்டி. சின்ன வண்டி சுகம் என்று நான் சொல்வதெல்லாம் அதில் கற்றதுதான். ஆனால் இன்று அதற்குக் கேட்கிற விலையில் புது வண்டியே எடுத்துவிடலாம். முன்னால் டிரம் பிரேக், டயரில் ட்யூப். எங்கள் பக்கம் சீமைக்கருவேலம் மண்டிய மண். முள் குத்தினால் ட்யூப் டயர் நின்ற இடத்தில் உட்கார்ந்துவிடும். ட்யூப்லெஸ் என்றால் முள்ளோடு பட்டறை வரை வந்து சேரலாம்.

ட்ராக் கதை வேறு. சென்னைக்காரர்களுக்கு இருங்காட்டுக்கோட்டை ரேஸ் தடம் பக்கத்து வீடு, நமக்கோ ஏறத்தாழ 400 கிலோமீட்டர். 1990ல் திறந்த அந்தத் தடம் 3.7 கிலோமீட்டர், 12 திருப்பம். கோவை செட்டிப்பாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கிலோமீட்டர்தான், நெருக்கமானது. சென்னைத் தடத்தில் நீளமாக இழுக்கிற இடங்களில் 390 உங்களைத் தாண்டிப் போவதைப் பார்த்து வயிறெரியும், அதில் பொய் சொல்ல ஒன்றுமில்லை. கோவையில் அந்த வயிற்றெரிச்சல் பாதியாகக் குறையும். சின்ன வண்டியை யாரும் கேலி செய்ய மாட்டார்கள். தேசிய சாம்பியன்ஷிப்பிலேயே 165 சிசிக்கு என்று தனி வகுப்பு இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் அதில்தான் தொடங்குகிறார்கள்.

கற்றுக்கொள்ள அதுதான் சரியான இடம் என்பேன். பெரிய வண்டியில் வளைவைச் சொதப்பினாலும் வெளியே வந்ததும் ஒரு முறுக்கு முறுக்கி மறைத்துவிடலாம். 155 சிசியில் அந்த வசதி கிடையாது. பிரேக்கை நாலடி முன்னால் பிடித்தால்கூட அடுத்த நேர்ப்பாதை முழுக்க அதன் தண்டனை தொடரும், ஒரு சுற்றுக்கு ஆகும் நேரத்தில், அதாவது லேப் டைமில், தெரியும். அப்புறம் செலவு. லேசான வண்டி டயரையும் பிரேக் பேடையும் மெதுவாகத் தின்னும். கீழே போட்டாலும் ஒடிவது லீவரும் ஃபுட்ரெஸ்டும் என்றால் மறுநாள் அதே வண்டியில் ஊருக்குக் கிளம்பலாம். இன்னொன்று, 2025 செப்டம்பரிலிருந்து 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40. ஆர்சி 390ன் 373 சிசி அந்தக் கோட்டுக்கு மேலே நிற்கிறது. லெதர் சூட், பூட்ஸ், கையுறை வாங்குகிற காசை எங்கிருந்து எடுப்பது என்று கேட்டான். அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கு, வந்துவிடும் என்றேன்.

"பக்கத்துலயே பழைய ரன்வே கிடக்குதே மாமா, அங்க பழகினா என்ன?" என்றும் கேட்டான். இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் செட்டிநாடு ஓடுதளத்தைச் சொல்கிறான். சும்மா சொல்லக்கூடாது, கேள்வியில் வரலாறு இருக்கிறது. சென்னை ரேஸ்களும் இருங்காட்டுக்கோட்டை வருவதற்கு முன் சோழவரத்தில் போர்க்கால ஓடுதளத்தில்தான் நடந்தன. ஆனால் அங்கே கிளப் இருந்தது, ஆம்புலன்ஸ் இருந்தது, கொடி பிடிக்க ஆள் இருந்தார்கள். இங்கே ஆடு மட்டும்தான் இருக்கிறது. போகாதே என்று கண்டிப்பாகச் சொன்னேன். சொன்ன ஒரே கண்டிப்பு அதுதான்.

மறுநாள் விடிகாலை என் வண்டியைக் கொடுத்து அனுப்பினேன். டயரில் காற்று பார்த்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, "முதல் சுற்று மெதுவா போ, சரளை எங்க கிடக்குன்னு பாத்துக்க" என்று மட்டும் சொன்னேன். முக்கால் மணி கழித்து வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றாமலே, "அந்த மடைக்குப் பக்கத்து வளைவை மூணாவதுல எடுக்குறதா ரெண்டாவதுலயா மாமா?" என்றான். 390 பற்றி அன்றைக்கு அவன் வாயே திறக்கவில்லை. எம்டி-15 என்று முடிவாகிவிட்டதாக நான் மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஷோரூம்களுக்கு அக்காவும் கூட வந்தாள். செவ்வாய்தோறும் குன்றக்குடிக்கும் சதுர்த்தி தவறாமல் பிள்ளையார்பட்டிக்கும் மகன் பின்னால் உட்கார்ந்து போகிறவள். ஆர்15ன் பின் சீட்டைப் பார்த்து, "இதுல யாருடா உக்காருவா, குருவியா?" என்றாள். எம்டி-15ன் பின் சீட்டும் அவளுக்குத் திருப்தியில்லை. டியூக்கில் ஏற முயற்சிக்கவே இல்லை. ஆர்டிஆர் 200 நிறுத்தியிருந்த இடத்துக்கு வந்ததும் பின் சீட்டை உள்ளங்கையால் இரண்டு தடவை அழுத்திப் பார்த்தாள், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தாள், புடவையைச் சரி செய்துகொண்டாள்.

நான் அவனைப் பார்த்தேன். அவன் கலர் சார்ட்டைக் கையில் எடுத்தான்.