ரெடிமேட் டெஸ்க்டாப்பில் ஓவர்கிளாக்: ஐந்து வருடம் ஓட்டிய பிறகு

2018இல் வாங்கிய டெஸ்க்டாப் இது. பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்து அசெம்பிள் செய்ததல்ல, கம்பெனியிலிருந்து முழுப் பெட்டியாக வந்தது. உள்ளே இன்டெல் கோர் ஐ7-8700கே பிராசசர், இசட்370 சிப்செட் (மதர்போர்டின் கட்டுப்பாட்டுச் சிப்), 16 ஜிபி ரேம், 460 வாட் எஸ்எம்பிஎஸ் (எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் பகுதி). ஒரு வருட வாரன்டி முடியும்வரை கைவைக்கவில்லை. முடிந்த வாரமே ஓவர்கிளாக் செய்ய, அதாவது கம்பெனி வைத்த வேகத்தைவிட அதிகமாகப் பிராசசரை ஓட்ட, உட்கார்ந்துவிட்டேன். அன்றிலிருந்து ஐந்து வருடத்துக்கு மேலாக வீடியோ என்கோடிங், பிளெண்டர் ரெண்டரிங் (3டி காட்சிகளைப் படமாக்குவது) எல்லாம் இதில்தான். இந்த மாதிரிப் பெட்டியில் பிராசசர் எவ்வளவு வேகம் போகும் என்பதை அதைச் சுற்றியிருக்கும் சாமான்கள்தான் முடிவு செய்கின்றன. அது எனக்குப் புரியவே பல மாதம் ஆனது.

முதலில் உங்கள் பெட்டியில் இது நடக்குமா என்று பாருங்கள். இன்டெல் என்றால் மாடல் எண்ணின் கடைசியில் 'கே' இருக்க வேண்டும், மதர்போர்டு இசட் வரிசை சிப்செட்டாக இருக்க வேண்டும். எச், பி வரிசை போர்டில் கே பிராசசரைப் போட்டாலும் மல்டிபிளையரை (அடிப்படைக் கிளாக்கோடு பெருக்கி வேகத்தைத் தரும் எண்) ஏற்ற முடியாது. ஏஎம்டியின் ரைசன் பிராசசர்களில் பெரும்பாலும் மல்டிபிளையர் திறந்தே இருக்கும், ஆனால் ஏ320 போர்டு அதை அனுமதிக்காது. இரண்டும் சரியாக இருந்தும் பயாஸில் (கணினி ஆன் ஆகும்போது முதலில் ஓடும் மென்பொருள்) அந்த மெனுவே இல்லாமல் போவதும் உண்டு. என் பெட்டியில் அப்படித்தான். நல்லவேளை, விண்டோஸிலேயே ஓடும் இன்டெல் எக்ஸ்டீயூ மென்பொருள் மல்டிபிளையரையும் வோல்டேஜையும் மாற்ற விட்டது.

இதற்கு முன் வைத்திருந்த ரெடிமேட் பெட்டியில் இந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. அது 2007இல் வந்த கோர் 2 குவாட் க்யூ6600. 266 மெகாஹெர்ட்ஸ் பஸ் (பாகங்களுக்கு இடையே தரவு போகும் பாதை), 9 மல்டிபிளையர், மொத்தம் 2.4 கிகாஹெர்ட்ஸ். பிராசசரின் அடியில் ஒரே ஒரு தொடுபுள்ளியின் மேல் துளியூண்டு இன்சுலேஷன் டேப்பை ஒட்டினால், போர்டு அதை 333 மெகாஹெர்ட்ஸ் பஸ் பிராசசர் என்று எடுத்துக்கொள்ளும். நேராக 3 கிகாஹெர்ட்ஸ். பயாஸைத் திறக்கவே வேண்டியதில்லை. 2011இல் சாண்டி பிரிட்ஜ் வந்தபோது அந்தக் காலம் முடிந்தது. அடிப்படைக் கிளாக்கான 100 மெகாஹெர்ட்ஸோடு பிசிஐ எக்ஸ்பிரஸ் போன்ற மற்ற பஸ்களும் கட்டப்பட்டுவிட்டதால், அதைக் கொஞ்சம் நகர்த்தினாலே மற்றவை தடுமாறும். மல்டிபிளையர் ஒன்றுதான் வழி என்று ஆகிவிட்டது.

சரி, 8700கேக்கு வருவோம். எதையும் மாற்றும் முன்பு, இருந்தபடியே அது எப்படி ஓடுகிறது என்று ஒரு வாரம் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளைப் போட்டுக் கவனித்தேன். விளம்பரத்தில் சொல்லும் 4.7 கிகாஹெர்ட்ஸ் ஒரு கோர் (பிராசசருக்குள் தனியாக வேலை செய்யும் பகுதி) மட்டும் உழைக்கும்போது கிடைப்பது. ஆறு கோரும் உழைத்தால் 4.3தான். அந்த 4.3கூட ரெண்டரின் முதல் அரை நிமிடம்தான் நின்றது. பிறகு 95 வாட் பவர் லிமிட் (தொடர்ந்து இழுக்கக்கூடிய மின்சாரத்தின் வரம்பு) குறுக்கே வந்து 4.0க்கு இறங்கியது. கோர் வெப்பம் 96 டிகிரி. 100ஐத் தொட்டால் இந்தப் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உள்ளே 92 மிமீ ஃபேனோடு ஒரு சின்ன கூலர், பின்பக்கம் காற்றை வெளியே தள்ள ஒரே ஒரு ஃபேன். வாங்கிய வேகத்தையே முழுசாக அனுபவிக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதனால் கூலரிலிருந்து ஆரம்பித்தேன். மதர்போர்டில் கூலரைத் திருகும் துளைகளுக்கு இடையே 75 மிமீ என்பதால் சந்தையில் கிடைக்கும் கூலர்கள் அளவில் பொருந்தும். ஆனால் போர்டின் பின்னாலிருந்த தகடு கேபினெட்டோடு நிலையாகப் பொருத்தப்பட்டிருந்தது, கழற்ற வராது. மேலிருந்தே திருகுகிற மாதிரி ஒரு டவர் கூலராகத் தேடி, பக்கவாட்டுக் கதவு மூடுமா என்று உயரத்தை அளந்து வாங்கினேன். 120 மிமீ ஃபேன். பழைய ஃபேன் இல்லை என்று பயாஸ் கொஞ்ச நாள் ஒவ்வொரு முறையும் எச்சரிக்கை காட்டிக்கொண்டிருந்தது, ஃபேன் ஒயரை வேறு இணைப்பில் மாற்றிச் செருகியதும் நின்றது.

அப்புறம் எக்ஸ்டீயூவில் பவர் லிமிட்டை 130 வாட்டுக்கு ஏற்றினேன். எல்லா கோருக்கும் மல்டிபிளையர் 47, அதாவது 4.7 கிகாஹெர்ட்ஸ். வோல்டேஜை ஏற்றவில்லை, மைனஸ் 70 மில்லிவோல்ட் ஆஃப்செட் கொடுத்துக் குறைத்தேன். இந்தப் போர்டு ஆட்டோவில் தேவைக்கு மேல் தாராளமாகவே கொடுத்துக்கொண்டிருந்தது. முழு லோடில் 1.22 வோல்ட், 82 டிகிரி. 40 நிமிடம் பிடித்த ரெண்டர் 34 நிமிடத்தில் முடிந்தது. நான் செய்ததிலேயே பலன் அதிகம் கொடுத்த மாற்றம் இதுதான்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் 5.0 என்ற எண் மனதை விட்டுப் போகவில்லை. அதற்கு 1.34 வோல்ட் கேட்டது. பிராசசர் இழுக்கும் மின்சாரம் வேகத்தோடு நேர்விகிதத்திலும், வோல்டேஜோடு அதன் வர்க்கத்துக்கு ஏற்பவும் கூடும். கணக்குப் போட்டால் 6 சதவீத வேகத்துக்கு ஏறக்குறைய 28 சதவீதம் கூடுதல் மின்சாரம். பவர் லிமிட்டையும் அதற்கேற்ப ஏற்றினேன். முதல் ரெண்டரில் ஆறாவது நிமிடம் வேகம் திடீரென்று 800 மெகாஹெர்ட்ஸுக்கு விழுந்தது. சில விநாடிகளில் மேலே வந்தது, மறுபடி விழுந்தது. கோர் வெப்பம் 88தான். கூலரைக் கழற்றி, அதற்கும் பிராசசருக்கும் இடையே பூசும் தெர்மல் பேஸ்ட்டைத் திரும்பப் பூசினேன், மாற்றமில்லை. எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகப்பட்டேன், அதுவும் இல்லை. நான்கு நாள் கழித்துத்தான் எக்ஸ்டீயூவின் கீழ் மூலையில் மதர்போர்டு விஆர்எம் தெர்மல் என்ற பெட்டி மஞ்சளாக மாறுவதைக் கவனித்தேன்.

எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் 12 வோல்ட்டைப் பிராசசருக்கு வேண்டிய ஒன்றேகால் வோல்ட்டாக இறக்கிக் கொடுப்பது விஆர்எம். 1.22 வோல்ட்டில் 130 வாட் என்றால் 100 ஆம்பியருக்கு மேல் ஓடுகிறது. ஓவர்கிளாக்குக்கென்று விற்கும் போர்டுகளில் அதன் மேல் கனமான ஹீட்சிங்க் உட்கார்ந்திருக்கும். என் போர்டில் மாஸ்ஃபெட்டுகள் (விஆர்எம்மில் அந்த வேலையைச் செய்யும் சிப்புகள்) வெறுமனே இருந்தன. இதில் இன்னொரு விஷயமும் இருந்தது. கம்பெனி கூலர் மேலிருந்து கீழே ஊதுகிற வகை, அந்தக் காற்று விஆர்எம் மேலும் பட்டுக்கொண்டிருந்தது. நான் போட்ட டவர் கூலர் பக்கவாட்டில் ஊதுகிறது. பிராசசருக்கு நல்லது செய்யப்போய் விஆர்எம்முக்கு வந்துகொண்டிருந்த காற்றை நானே நிறுத்திவிட்டேன். தெர்மல் டேப்பில் சின்ன அலுமினிய ஹீட்சிங்க்குகளை ஒட்டி, ஒரு 80 மிமீ ஃபேனைக் கேபிள் டையால் கட்டி அந்தப் பக்கம் திருப்பினேன். 4.7இல் எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் பிறகு விழவே இல்லை. 5.0இல் மட்டும் நீண்ட ரெண்டர்களில் விழுந்துகொண்டே இருந்தது, மொத்த நேரம் 4.7ஐவிட அதிகமானது.

5.0ஐ விட்டதற்கு அதைவிடப் பெரிய காரணம் வேறு. சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனை பத்து முறை ஓடியும் ஒரு கோளாறும் இல்லை, நீலத்திரையும் வரவில்லை. ஆனால் விண்டோஸ் நடப்பதைப் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் டபிள்யூஎச்இஏ-லாகர் எண் 19 என்று வரிசையாகப் பதிவுகள். பிராசசர் உள்ளே பிழை செய்து தானே திருத்திக்கொண்டது என்று அர்த்தம். திருத்த முடியாத பிழையும் எப்போதாவது நடக்குமே! அதே வாரம் நான் 7-ஜிப் மென்பொருளில் சுருக்கிக் கட்டி வைத்த ஒரு ஃபைல் சிஆர்சி எரர், அதாவது உள்ளடக்கம் சிதைந்திருக்கிறது, என்று திறக்க மறுத்தது. ஒரு வருட வேலையைச் சேமித்து வைக்கும் இயந்திரத்தில் எனக்கு இது ஆகாது. அன்று இரவே 5.0ஐக் கைவிட்டேன். ஓவர்கிளாக் செய்பவர்கள் பெஞ்ச்மார்க் பாஸ் ஆனதோடு நிறுத்தாமல் அந்தப் பதிவை ஒரு மாதமாவது தவறாமல் பார்க்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

2020இல் வந்த ஒரு பயாஸ் அப்டேட் எல்லாவற்றையும் கலைத்தது. 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்புக் குறைபாடு வெளியானது. மென்பொருள் மூலம் வோல்டேஜைக் குறைத்து, எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்புப் பகுதிக்குள் பிழை வரவைக்கும் வழி அது. அதை அடைக்க வோல்டேஜ் மாற்றும் வசதியையே பூட்டினார்கள். அப்டேட் தானாகவே ஏறிவிட்டது, பழைய பயாஸுக்குத் திரும்பவும் விடவில்லை. குறைபாட்டை அடைப்பது நியாயம்தான். ஆனால் என்ன பறிபோகிறது என்று ஒரு வரி முன்கூட்டிச் சொல்லியிருந்தால், முடிவை நான் எடுத்திருப்பேன். மைனஸ் 70 போனதும் 4.7இல் வெப்பம் 92ஐத் தாண்டியது. 4.5க்கு இறங்கினேன். 2022இல் தெர்மல் பேஸ்ட்டை மாற்றி, ஹீட்சிங்க் இடுக்கில் சேர்ந்த தூசியை ஊதி எடுத்த பிறகு 6 டிகிரி குறைந்தது. 4.6க்கு ஏற்றினேன். சமீபம் வரை அதுதான்.

ஓவர்கிளாக்கோடு சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 16 ஜிபியும் ஒரே ரேம் குச்சியாக வந்திருந்தது, அதாவது சிங்கிள் சேனல் (பிராசசருக்கும் ரேமுக்கும் இடையே ஒரே பாதை). அதே அளவில் இன்னொன்றைப் போட்டு டூயல் சேனல் ஆக்கியதும் 7-ஜிப் வேலைகளில் கிடைத்த வித்தியாசம் 4.3க்கும் 4.7க்கும் இருந்ததைவிட அதிகம். உங்கள் பெட்டியைத் திறந்தால் முதலில் அந்த இடத்தைப் பாருங்கள்.

பிராசசர் தேய்ந்ததா என்று கேட்டால், 4.6க்கு இன்றும் அன்றைய அதே வோல்டேஜ்தான் போதுமாக இருக்கிறது, ஈவென்ட் வியூவரும் சுத்தம். இப்போது வயதைக் காட்டுவது எஸ்எம்பிஎஸ்தான். அதன் ஃபேன் லோடில் உரசுகிறது. மதர்போர்டுக்குப் போகும் அதன் பிளக் வழக்கமான 24 பின் இல்லை, எனவே சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸை அப்படியே மாட்ட முடியாது. இடையில் போடும் அடாப்டர் ஒயருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அது வரும்வரை மல்டிபிளையர் 43இல் ஓடுகிறது.