கொல்லிமலை ஏற்றத்தில் ஆறு வருடம்: என் பைக்கின் ஜோடி ஹாரன்

2019 ஆடி மாதம் என் 125 சிசி பைக்கில் கம்பெனி ஹாரனைக் கழற்றிவிட்டு, சங்கு போலச் சுருண்டிருக்கும் ஹாரன் ஜோடி ஒன்றை மாட்டினேன். வாரத்தில் மூன்று நாள் காரவள்ளியிலிருந்து செம்மேட்டுக்கு ஏறி இறங்குகிற வேலை எனக்கு. வழியில் 70 கொண்டை ஊசி வளைவுகள். எதிரே வரும் பஸ் கண்ணில் படுவதற்கு முன்னால் காதில் விழுந்தாக வேண்டிய பாதை.

பழையது ஒற்றைத் தட்டு ஹாரன், கீச்சுக்குரல். ஒருநாள் வளைவில் அடித்துக்கொண்டேதான் ஏறினேன். மேலிருந்து கிழங்கு மூட்டையோடு இறங்கிய மினி லாரி என்னைச் சுவரோரம் தள்ளிவிட்டுத்தான் நின்றது. "தம்பி, ஹாரன் அடிச்சீங்களா? சத்தியமா கேக்கல" என்றார் டிரைவர். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய எஞ்சின் சத்தத்தில் என் ஹாரன் கரைந்துபோயிருந்தது. அடுத்த வாரமே மாற்றிவிட்டேன்.

மாற்றியதில் ஒரு தப்பு நடந்தது. கடையில் ரிலே (சின்னக் கரண்டைக் கொண்டு பெரிய கரண்டைத் திறந்து மூடுகிற சுவிட்ச்) போடாமல் பழைய வயரிலேயே இரண்டையும் இணைத்துவிட்டார்கள். இந்த ஹாரன் ஒவ்வொன்றும் 4, 5 ஆம்பியர் இழுக்கும். கைப்பிடியில் இருக்கிற சின்ன சுவிட்ச் அதைத் தாங்குமா? நாலே மாதத்தில் சுவிட்சுக்குள் இருந்த பித்தளைத் தகடு கருகிப்போனது. அப்புறம் வேறொரு எலெக்ட்ரீஷியன் பேட்டரியிலிருந்து தனி வயர் இழுத்து, ஃபியூஸும் ரிலேயும் வைத்துக் கொடுத்தார். சுவிட்ச் இப்போது ரிலேயைத் தட்டிவிடுகிறது, அவ்வளவுதான். முழு வோல்டேஜும் நேராகப் போவதால் அதே ஹாரன் முன்பைவிடத் தெளிவாகக் கத்தியது. வாங்குகிறவர்கள் ரிலே இல்லாமல் மாட்டவே மாட்டாதீர்கள்.

கழற்றிய பழைய ஹாரனை ஒரு ஞாயிற்றுக்கிழமை பேப்பரை விரித்துப் பிரித்துப் பார்த்தேன். மெல்லிய இரும்புத் தட்டு, அதன் நடுவில் குட்டையாக ஒரு தண்டு, பின்னால் செப்புக்கம்பிச் சுருள். கரண்ட் வந்ததும் சுருள் காந்தமாகித் தண்டை இழுக்கிறது. இழுத்த கையோடு உள்ளே ஒரு பாயின்ட் பிரிந்து கரண்ட் அறுந்துவிடுகிறது. தட்டு துள்ளித் திரும்ப, பாயின்ட் மறுபடி ஒட்டிக்கொள்கிறது. நொடிக்கு 400, 500 தடவை இப்படி. நமக்குக் கேட்கும் சத்தம் அந்தத் தட்டின் துடிப்புதான். சங்கு ஹாரனில் இதே சங்கதியோடு சுருண்ட குழாயும் சேர்கிறது. நாதஸ்வரத்தின் உடல் போல அது சத்தத்தை வளர்த்துக் கொடுக்கிறது. ஜோடியில் ஒன்று தடித்த சுருதி, ஒன்று மெல்லிய சுருதி. தடித்தது வளைவைச் சுற்றி வரும், மெல்லியது எஞ்சின் இரைச்சலுக்கு மேலே எழும். மலையில் இரண்டும் வேண்டும்.

முதல் ஐப்பசி மழையிலேயே வாய்க்குள் தண்ணீர் போய், கொப்பளிக்கிற மாதிரி ஒரு சத்தம். வாயைக் கீழ்நோக்கித் திருப்பி மாட்டியதும் சரியாகிவிட்டது. 2022இல் குரல் கம்மியது; பின்பக்க ஸ்குரூவைக் கால் சுற்று திருப்பினேன், தெளிந்தது. போன வருடம் தடித்த சுருதி அடியோடு நின்றுபோனது. அதை மட்டும் புதிதாக வாங்கிப் போட்டேன்.

ஹாரனை எப்படி அடிப்பது என்பதை நான் கற்றது ரயிலிடம். சேலம்–கரூர் தடத்தில் கேட்டில் நிற்கும்போது கவனிப்பேன். ரயில் ஹாரனிலும் தட்டுதான் துடிக்கிறது. ஆனால் அதைத் துடிக்கவைப்பது அழுத்தக் காற்று. தண்டவாள ஓரம் டபிள்யூ/எல், அதாவது 'கேட் வருகிறது, விசில் அடி' என்று எழுதிய பலகையைப் பார்த்ததும் லோகோ பைலட் நீளமாக ஒலி எழுப்புவார். சட்டென்று நிறுத்த முடியாத வண்டி, தூரத்திலிருந்தே 'வருகிறேன்' என்று சொல்லிவிடுகிறது. நானும் வளைவுக்கு இருபது முப்பது அடி முன்னாலேயே ஒருமுறை அடித்துவிட்டுக் காது கொடுக்கிறேன். மேலிருந்து பதில் வந்தால் ஓரத்தில் நின்றுவிடுவேன். ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை என்பது விதி. ஆனால் இறங்குகிற பஸ்ஸுக்கு முன்னால் நின்று அந்த உரிமையைக் கேட்க நான் தயாராக இல்லை.

சட்டத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். 1989ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119ஆவது விதி, ஒன்றன்பின் ஒன்றாகப் பல சுருதியில் பாடுகிற ஹாரனையும், காதைக் கிழிக்கிற ஹாரனையும் தடுக்கிறது. என்னுடையதில் இரண்டும் ஒரே சமயத்தில், ஒரே ஸ்வரக்கூட்டாக ஒலிக்கின்றன. லாரிக்காரர்கள் மாட்டும் ஏர் ஹாரனை பைக்கில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் அடிக்கிற பையன்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள்.

நாமக்கல் டவுனுக்குள் நான் இதை அநேகமாகத் தொடுவதே இல்லை. முன்னால் போகிறவர் பதறிப்போகிறார். ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு இது வேண்டாம், கம்பெனி ஹாரனே போதும். மலை ஏறுகிறவர்கள், இரவில் ஹைவேயில் போகிறவர்கள் தாராளமாக மாட்டலாம். பேட்டரி மட்டும் நல்ல நிலையில் இருக்க வேண்டும். பேட்டரி இறங்கினால் முதலில் இறங்குவது இதன் குரல்தான்.