வாயிலுக்கு வெளியே தங்கவைக்கப்பட்டோம்: நமீபியச் சிறுகுழுப் பயணம் பற்றி ஓர் எச்சரிக்கை

தென்மேற்கு ஆப்பிரிக்க நாடான நமீபியாவின் மணற்குன்றுகளையும், வனவிலங்குகள் வாழும் எட்டோஷா தேசியப் பூங்காவையும் சிறு குழுவாகத் தரைவழியே சுற்றிக் காட்டுவதாகச் சொல்லி விற்கப்பட்ட ஒரு பயணத்துக்கு நானும் என் அக்காவும் முழுத் தொகையையும் முன்கூட்டியே செலுத்திச் சென்றோம். எந்த இரண்டு இடங்களுக்காக அதைத் தேர்ந்தெடுத்தோமோ அந்த இரண்டிலும் ஏமாற்றப்பட்டுத் திரும்பினோம். புகார் இன்னும் விசாரணையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஏமாற்றிய முறையை விவரமாக எழுதுகிறேன். அதே முறையை வேறு எந்தப் பெயரிலும் எவரும் கையாளலாம் என்பதால், பெயரைவிட அதுதான் இனிப் போகிறவர்களுக்குப் பயன்படும்.

எங்களுக்குத் தரப்பட்ட பயணத் திட்டம் தலைநகர் விண்ட்ஹூக்கில் தொடங்கி, செஸ்ரியம், சாலிட்டேர், வால்விஸ் பே, ஸ்வாகோப்முண்ட் வழியாக வடக்கே எட்டோஷாவுக்குப் போய் மீண்டும் விண்ட்ஹூக்குக்குத் திரும்புவது. குழுவில் 12 பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள், உயரமான ட்ரக்கில் ஒவ்வொருவருக்கும் ஜன்னலோர இருக்கை உண்டு, ஓட்டுநர், வழிகாட்டி, சமையல்காரர் என மூவர் உடன் வருவார்கள் என்று அதில் எழுதியிருந்தது. தங்கும் இடங்களாக செஸ்ரியம் முகாமும் எட்டோஷாவுக்குள் இருக்கும் ஒகாகுவேயோ முகாமும் பெயர் சொல்லியே குறிக்கப்பட்டிருந்தன. இதைவிடக் குறைந்த விலையில் வேறு பயணங்கள் இருந்தும் நாங்கள் இதற்குக் கூடுதலாகக் கொடுத்ததற்கு இந்த இரண்டு பெயர்களே காரணம்.

அந்தப் பெயர்களுக்கு ஏன் அவ்வளவு மதிப்பு என்பதை விளக்கினால்தான் நடந்தது புரியும். நமீப் மணற்கடல் 2013-இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்ட பகுதி. அதன் நடுவே இருக்கும் சோசஸ்ஃப்ளே, டெட்ஃப்ளே ஆகிய களிமண் படுகைகளுக்குச் செல்லும் சாலை செஸ்ரியத்தில்தான் தொடங்குகிறது. அங்கே இரண்டு வாயில்கள் உள்ளன. வெளிவாயில் சூரிய உதயத்தில் திறந்து அத்தமனத்தில் மூடப்படும். வெளிவாயிலுக்கு உள்ளே, முகாமைத் தாண்டி இருக்கும் உள்வாயில், பூங்காவுக்குள் தங்கியிருப்பவர்களுக்காக உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே திறக்கப்படுகிறது. உள்வாயிலிலிருந்து வண்டி நிறுத்துமிடம் வரை சுமார் 60 கிலோமீட்டர் தார்ச்சாலை. அதற்குப் பிறகு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் ஆழமான மணல். ஆகவே உள்ளே தங்கியவர் முதல் வெளிச்சத்தில் குன்றுகளுக்கு அருகில் இருப்பார். வெளியே தங்கியவர் அதே நேரத்தில் வாயிலில் வரிசையில் நிற்பார். இது ஏதோ வசதிக் குறைவு என்று நினைத்துவிட வேண்டாம். டெட்ஃப்ளேயில் அறுநூறு ஆண்டுகளுக்கும் முன்பே பட்டுப்போன முள்மரங்கள், மக்குவதற்குக்கூட ஈரம் இல்லாத வறட்சியால், வெயிலில் கருகி அப்படியே நிற்கின்றன. காலைக் கதிர் பின்னாலிருக்கும் குன்றைச் செம்மஞ்சளாக்கும்போது படுகையின் வெண்தரை இன்னும் நிழலில் இருக்கும். அந்த ஒளி கொஞ்ச நேரமே நீடிக்கும். அதற்காகத்தான் உலகின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் அங்கே வருகிறார்கள்.

முதல் நாள் காலையில் விண்ட்ஹூக்கில் எங்களை ஏற்றிக்கொள்ள வந்த ட்ரக்கின் பக்கவாட்டில் நாங்கள் பணம் கட்டிய நிறுவனத்தின் பெயர் இல்லை. ஏற்கெனவே அதில் இன்னொரு குழு அமர்ந்திருந்தது. பல முகவர்கள் விற்ற இருக்கைகளை ஒரே வண்டியில் சேர்த்திருக்கிறார்கள் என்பது சக பயணிகளிடம் பேசியபோது தெரிந்தது. ஆளுக்கொரு பயணத் திட்டத்தைக் கையில் வைத்திருந்தார்கள், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. மொத்தம் இருபதுக்கும் மேற்பட்டோர். என் அக்காவுக்கு நடுப்பாதையை ஒட்டிய இருக்கைதான் கிடைத்தது. மூவர் வருவதாகச் சொன்ன இடத்தில் இருவர் இருந்தனர். ஓட்டுபவரே வழிகாட்டியாகவும் இருந்தார்.

புறப்படுவதற்கு முன் ஒவ்வொருவரும் 'உள்ளூர்க் கட்டணம்' என்று ஒரு தொகையை அமெரிக்க டாலரில் ரொக்கமாகத் தர வேண்டும் என்றார்கள். தரைவழிப் பயணங்களில் இப்படி ஒரு பொது நிதி திரட்டும் வழக்கம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. பல நிறுவனங்கள் அதை விலைப்பட்டியலிலேயே வெளிப்படையாக எழுதுகின்றன. எங்களுக்கு வந்த கட்டண விவரத்திலோ, பூங்கா நுழைவுக் கட்டணமும் உணவும் விலைக்குள் அடங்கும் என்றே இருந்தது. அதைக் காட்டியும் பயனில்லை. பணம் தராதவர்கள் ஏற முடியாது என்ற நிலையில் கொடுத்தோம். ரசீது கேட்டபோது பயண முடிவில் அலுவலகம் அனுப்பும் என்றார்கள். இன்றுவரை வரவில்லை.

இந்த வசூலும் ஆள்சேர்ப்பும் முடிந்து நாங்கள் நகரைவிட்டுக் கிளம்பவே நண்பகல் நெருங்கிவிட்டது. நடந்தவற்றுள் என்னை மிகவும் பதறவைத்தது அதன் விளைவுதான். நமீபியச் சாலைகளில் பெரும்பகுதி சரளைச் சாலைகள். இருட்டிய பிறகு குடு, ஓரிக்ஸ் போன்ற பெரிய மான்கள் குறுக்கே வரும். அங்கே வாடகைக்குக் கார் எடுப்பவர்களை, நகருக்கு வெளியே இரவில் ஓட்ட வேண்டாம் என்று சொல்லித்தான் சாவியைக் கொடுக்கிறார்கள். அப்படிப்பட்ட சாலையில், இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களை ஏற்றிக்கொண்டு, காலையிலிருந்து ஓய்வில்லாத ஒருவர் இருட்டில் வண்டி ஓட்டினார். ஒருமுறை மான் கூட்டம் ஒன்று திடீரென வெளிச்சத்தில் தோன்றியபோது அவர் போட்ட பிரேக்கில் வண்டி சரளையில் பக்கவாட்டாகச் சறுக்கி நின்றது. எவருக்கும் அடிபடவில்லை. ஆனால் அருகிலுள்ள மருத்துவமனைக்கே பல மணி நேரம் ஆகக்கூடிய ஒரு நிலப்பரப்பில் அது என்னவாக முடிந்திருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த இரவு நாங்கள் போய்ச் சேர்ந்தது செஸ்ரியம் முகாமுக்கு அல்ல. வாயிலுக்கு வெளியே, வெகுதூரம் தள்ளி ஒரு பண்ணையில் இருந்த கூடாரத் திடலுக்கு. செஸ்ரியத்தில் இடம் நிரம்பிவிட்டதாகக் காரணம் சொன்னார்கள். தூங்குபைகள் தருவதாக எழுதியிருந்தும் எல்லோருக்கும் போதவில்லை. பாலைவனத்தில் சூலை மாத இரவு உறைநிலையை ஒட்டிக் குளிரும் என்பதை அறிந்த ஒரு நிறுவனம் இதில் குறைவைத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. காலையில் வெளிவாயிலை அடைந்தபோது வண்டிகள் நீண்ட வரிசையில் நின்றன. நாங்கள் உள்ளே நுழையும்போது சூரியன் மேலேறியிருந்தது. அனுமதிச் சீட்டு வாங்க ஓட்டுநர் போயிருந்த நேரத்தில் நான் முகாமின் பதிவு அலுவலகத்தில் விசாரித்தேன். எங்களிடம் பணம் வாங்கிய நிறுவனத்தின் பெயரிலும் சரி, ட்ரக்கில் எழுதியிருந்த பெயரிலும் சரி, அந்தத் தேதிக்கு எந்த முன்பதிவும் செய்யப்படவில்லை என்று பதில் வந்தது. இடம் நிரம்பியதால் மாற்றப்பட்டோம் என்பது பொய். எங்களுக்காக அங்கே இடமே கேட்கப்படவில்லை.

வண்டி நிறுத்துமிடத்தில் அடுத்த ஏமாற்றம் காத்திருந்தது. கடைசி 5 கிலோமீட்டர் மணலில் ட்ரக் போகாது. அங்கே ஓடும் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளுக்குத் தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும், அது பயணத்தில் அடங்காது என்றார்கள். 'சோசஸ்ஃப்ளேக்கும் டெட்ஃப்ளேக்கும் அழைத்துச் செல்லப்படும்' என்ற வாக்கியம் அச்சில் இருக்கிறது. அழைத்துச் சென்றது அந்த நிறுத்துமிடம் வரைதான். இளைஞர்கள் சிலர் மணலில் நடக்கத் தொடங்கினார்கள். அக்காவுக்கு அறுபது வயது கடந்துவிட்டது, முழங்கால் வலியும் உண்டு; அவரை அந்த வெயிலில் நடக்கவைக்க முடியாது என்பதால் பணம் கட்டினோம். அந்த வண்டியிலிருந்து இறங்கியும் டெட்ஃப்ளேக்கு ஒரு கிலோமீட்டருக்குமேல் மணலில் ஏறி இறங்க வேண்டும். நாங்கள் படுகையை அடைந்தபோது நிழலே இல்லை. குன்றுகள் வெளிறி, வெண்தரை கண்ணைக் கூசவைத்தது. அங்கே நின்று பார்க்க எங்களுக்குத் தரப்பட்ட நேரமும் மிகக் குறைவு. பல ஆண்டுகளாக அந்த இடத்தைப் பற்றிப் படித்து, அதற்காகவே சேமித்து வந்தவர் என் அக்கா. அவருடைய முகத்தைப் பார்த்தபோது எனக்கு எழுந்த கோபம் இன்னும் தணியவில்லை.

கடற்கரைப் பகுதியில் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. குயிசெப் பள்ளத்தாக்கு வழியாக வால்விஸ் பேக்கு வந்த பாதையும், அங்கே கழிமுகத்தில் நின்ற செங்கால் பூநாரைகளும், ஸ்வாகோப்முண்டில் கிடைத்த சுத்தமான அறையும் சொன்னபடியே இருந்தன.

எட்டோஷாவில் அதே தந்திரம் மீண்டும் நடந்தது. அந்தப் பூங்காவின் பரப்பு 22,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். அதன் வாயில்களும் உதயத்தில் திறந்து அத்தமனத்தில் மூடப்படுகின்றன. இருட்டிய பிறகு உள்ளே வண்டி ஓட்ட அனுமதி இல்லை. ஆனால் ஒகாகுவேயோ முகாமுக்குள் தங்குபவர்கள், விளக்கொளி பாய்ச்சப்பட்ட நீர்நிலையின் சுவரோரம் இரவு முழுவதும் அமர்ந்திருக்கலாம். வறண்ட மாதங்களில் கறுப்புக் காண்டாமிருகங்கள் அங்கே தண்ணீர் குடிக்க வரும். அழிவின் விளிம்புக்குத் தள்ளப்பட்ட அந்த விலங்கை அவ்வளவு அருகில், அதற்கு இடையூறு செய்யாமல் பார்க்கக்கூடிய இடங்கள் உலகில் மிகச் சில. எங்களைத் தங்கவைத்ததோ ஊட்ஜோ நகரில். அங்கிருந்து பூங்காவின் தெற்கு வாயிலுக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். விலங்குகள் நடமாடும் அதிகாலையில் நாங்கள் நெடுஞ்சாலையில் இருந்தோம். அவை மீண்டும் நீர்நிலைகளுக்கு வரத் தொடங்கும் மாலையில், வாயில் மூடுவதற்குள் வெளியேற வேண்டும் என்று விரைந்துகொண்டிருந்தோம். இடைப்பட்ட வெயில் நேரத்தில் வரிக்குதிரைகள், ஸ்பிரிங்பொக் மான்கள், ஒட்டகச்சிவிங்கிகள், தொலைவில் ஒரு யானைக் கூட்டம் ஆகியவற்றைப் பார்த்தோம் என்பதை நேர்மையாகச் சொல்கிறேன். ஆனால் ஒவ்வொரு முறை வண்டி நின்றபோதும் ஜன்னலோரத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள். நடு இருக்கையில் இருந்தவர்கள் அவர்களுடைய தோள்களைப் பார்த்தார்கள். கழிப்பிடத்துக்கென வேலியிட்ட சில இடங்களைத் தவிர வண்டியைவிட்டு இறங்கக் கூடாது என்பது பூங்காவின் விதி. ஆகவே ஜன்னல் இல்லாத இருக்கைக்கு எட்டோஷாவில் மாற்று வழி எதுவும் கிடையாது.

எங்களுடன் வந்த இருவர் மீதும் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. அவர்களுக்குத் தரப்பட்ட தாளில் பண்ணைத் திடலும் ஊட்ஜோவும்தான் இருந்தன. நாங்கள் வைத்திருந்த பயணத் திட்டத்தை, நாங்கள் காட்டியபோதுதான் அவர்கள் முதன்முதலாகப் பார்த்தார்கள். சமையல்காரர் தன்னுடைய போர்வையை அக்காவுக்குக் கொடுத்தார். பயணிகளின் கோபத்தை எல்லாம் அவர்கள் ஏற்றுக்கொள்ள, அந்த ஏற்பாட்டில் இலாபம் பார்த்தவர்கள் எட்ட முடியாத தொலைவில் இருந்தார்கள்.

திரும்பியதும், எங்களிடம் இருந்ததும் அவர்களிடம் இருந்ததுமான இரண்டு பயணத் திட்டங்களின் படிகளையும், ட்ரக்கின் படங்களையும் இணைத்து நிறுவனத்துக்கு எழுதினேன். 'குறிப்பிட்ட முகாம் அல்லது அதற்கு இணையானது' என்ற விதி இருப்பதால் தங்கள் பக்கம் தவறில்லை என்று பதில் வந்தது. வாயிலுக்கு உள்ளே இருக்கும் இடத்துக்கு வெளியே இருக்கும் இடம் எப்படி இணையாகும் என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை. உள்ளூர்க் கட்டணம் வேறொரு நிறுவனம் வாங்கியது, அதற்குத் தாங்கள் பொறுப்பல்ல என்றார்கள். அடுத்த பயணத்தில் சிறு தள்ளுபடி தருவதாகவும், அதற்கு ஈடாகப் புகாரைத் திரும்பப் பெறுவதாக ஒரு கடிதத்தில் கையெழுத்திட வேண்டும் என்றும் கேட்டார்கள். நான் மறுத்துவிட்டேன்.

இதே பாதையில் போக நினைப்பவர்கள் பணம் கட்டும் முன் ஒவ்வோர் இரவும் தங்கும் முகாமின் பெயரையும், அது பூங்கா வாயிலுக்கு உள்ளேயா வெளியேயா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். 'இணையானது' என்ற விதி அந்த இரவுகளுக்குப் பொருந்தாது என்றும் எழுதித் தரச் சொல்லுங்கள். செஸ்ரியம், ஒகாகுவேயோ, ஹலாலி, நமுத்தோனி ஆகிய முகாம்களை நமீபிய அரசின் வனவிலங்கு விடுதி நிறுவனம் நடத்துகிறது. உண்மையாகவே முன்பதிவு செய்த நிறுவனத்திடம் அதற்கான பதிவெண் இருக்கும், அதைக் கேளுங்கள். வண்டியை உண்மையில் ஓட்டப்போவது எந்த நிறுவனம், அது நமீபியச் சுற்றுலா வாரியத்தில் பதிவு பெற்றதா என்பதையும் கேளுங்கள்; அங்கே பயண ஏற்பாட்டாளர்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பது சட்டம். சோசஸ்ஃப்ளேயின் கடைசி 5 கிலோமீட்டரும் பூங்கா நுழைவுக் கட்டணமும் விலைக்குள் அடங்குமா, இருட்டிய பிறகு வண்டி ஓட்டுவதில்லை என்று உறுதி தருகிறார்களா என்பவற்றுக்கும் நேரடியான பதில் வாங்குங்கள். இவற்றில் எதற்கேனும் மழுப்பலான பதில் வந்தால் முன்பணமே கட்ட வேண்டாம். வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதில் சிறிதும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

நேரடி வங்கிப் பரிமாற்றத்துக்குத் தள்ளுபடி தருவதாகச் சொன்னாலும் கிரெடிட் கார்டிலேயே செலுத்துங்கள். எங்கள் தொகையில் கார்டு வழியே கட்டிய பகுதிக்கு மட்டும்தான் வங்கியிடம் முறையிட முடிந்தது; செஸ்ரியத்தில் முன்பதிவு இல்லை என்பதையே முதல் ஆதாரமாகக் காட்டியிருக்கிறேன், வங்கி நிறுவனத்திடம் விளக்கம் கேட்டிருக்கிறது. சுற்றுலா வாரியத்துக்கும் அதே ஆவணங்களுடன் புகார் அனுப்பியாயிற்று. இரவில் ஓட்டியதைப் பற்றி அந்தப் புகாரில் தனிப் பத்தியாக எழுதி, ட்ரக்கின் பதிவெண்ணையும் குறிப்பிட்டிருக்கிறேன்.