கடவுள் நம்பிக்கை இல்லாத வீட்டுக்கு ஒரு கிறிஸ்துமஸ் மரம்: செயற்கை மரம் பற்றிய மதிப்புரை

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு நான்கு.

ஆறடி உயரச் செயற்கை மரம். மூன்று துண்டுகளாக வருகிறது. கிளைகள் கீல் வைத்துத் தண்டிலேயே பொருத்தப்பட்டிருக்கின்றன. இரும்புத் தாங்கி, மஞ்சள் ஒளி தரும் எல்இடி விளக்குச் சரம், உச்சியில் வைக்க ஒரு நட்சத்திரம், அது வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு தேவதைப் பொம்மை. சென்ற ஆண்டு வாங்கினோம், இந்த டிசம்பரிலும் நிறுத்திவிட்டோம். முதல் ஆண்டு மினுமினுப்பில் எழுதுவதைவிட, ஒரு முறை பெட்டிக்குள் போய்த் திரும்பி வந்த பிறகு எழுதுவதுதான் நியாயம் என்று காத்திருந்தேன்.

எங்கள் வீட்டில் எனக்கும் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் மத நம்பிக்கை கிடையாது. மரத்தைப் பற்றிய மதிப்புரையில் இது எதற்கு என்று தோன்றலாம். என் அளவுகோலே அதில்தான் இருக்கிறது. நம்புகிறவர்களுக்கு மரம் ஓர் அலங்காரம். அது இல்லாவிட்டாலும் அவர்களுடைய கிறிஸ்துமஸ் நடந்துவிடும். ஆராதனை இருக்கிறது, வேதவாசகம் இருக்கிறது, குடில் இருக்கிறது. எங்களுக்கு இவை எதுவும் இல்லை. வந்தவர்களை ஒரே அறையில் சேர்த்து, அவர்கள் கையில் ஒரு வேலையைக் கொடுத்து, இது மற்ற நாட்களைப் போன்றதல்ல என்று உணரவைக்க இந்தப் பெட்டிக்குள் இருக்கும் பொருளை விட்டால் வேறு வழியில்லை. அதனால்தான் கம்பியின் தடிமன் வரை பார்க்கிறேன்.

கிளைகளிலிருந்து தொடங்குகிறேன். மலிவான மரங்களில் இலைகள் முழுவதும் பிவிசி தாளை நறுக்கி முறுக்கியவை. இதில் வெளிப்பக்க நுனிகள் பாலிஎத்திலீனை அச்சில் வார்த்துச் செய்தவை. உள்பக்கம் மட்டும் பிவிசி. தொட்டுப் பார்த்தால் வேறுபாடு தெரியும். வார்த்த நுனி வளைத்தால் திரும்பி வருகிறது, உதிர்வதில்லை. பிவிசி இலைகள் முதல் ஆண்டு கொஞ்சம் கொட்டின, இந்த ஆண்டு மிகக் குறைவு. செயற்கை மரம் ஒன்றும் பிளாஸ்டிக் காலத்துக் கண்டுபிடிப்பு அல்ல. 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் வாத்து இறகுகளுக்குப் பச்சைச் சாயம் ஏற்றிக் கம்பியில் சுற்றி மரம் செய்திருக்கிறார்கள்.

பெட்டியில் ஓராண்டு நசுங்கிக் கிடந்த கிளைகளை ஒவ்வொன்றாக விரித்து, ஒவ்வொரு நுனியையும் மேலும் கீழுமாகப் பிரித்துவிட வேண்டும். இதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. மற்ற மதிப்புரைகளில் பலர் இதைத்தான் குறையாக எழுதுகிறார்கள். நான் இதற்காகவே ஒரு மதிப்பெண் கூட்டிக் கொடுப்பேன். என் கொழுந்தனாரும் அவருடைய மகனும் நேருக்கு நேர் உட்கார்ந்தால் பேச மாட்டார்கள். படிப்பு, வேலை, எதை எடுத்தாலும் தகராறு. மரத்தின் இரண்டு பக்கமும் நின்று கிளை பிரித்தபோது அவர்கள் பேசினார்கள். கை வேலையாக இருந்தது, கண் இலையில் இருந்தது, முகத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. பையன் தனக்கு இந்தப் படிப்பு பிடிக்கவில்லை என்று முதல் முறையாகக் கோபமில்லாமல் சொன்னான். அவர் கேட்டுக்கொண்டார். விளக்கோடு, விரித்த நிலையிலேயே வந்து இறங்கும் விலை உயர்ந்த மரத்தால் இதைச் செய்ய முடியாது.

நான் பிரசவப் பிரிவில் செவிலியர். டிசம்பர் 24 இரவுப் பணியைக் கேட்டு வாங்கிக்கொள்வேன். உடன் வேலை செய்யும் கிறிஸ்தவத் தோழிகள் நள்ளிரவு ஆராதனைக்குப் போக வேண்டும். அவர்களில் ஒருத்தி ஒருமுறை கேட்டாள்: "அக்கா, உங்களுக்குத்தான் நம்பிக்கையே இல்லையே, வீட்டில் மரம் எதற்கு?" கேலியாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அவளுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

அந்த மரம் வேதத்திலிருந்து வந்ததல்ல. டிசம்பர் 25 என்ற தேதியும் நற்செய்தி நூல்களில் இல்லை. அந்தத் தேதி ரோம நகரத்து ஆவணமொன்றில் 336ஆம் ஆண்டுக்கான பதிவாகத்தான் முதலில் தென்படுகிறது. வீட்டுக்குள் மரம் வைக்கும் வழக்கம் ஜெர்மன் மொழி பேசிய பகுதிகளில் வளர்ந்தது. 1848இல் விக்டோரியா அரசியின் குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படத்தை லண்டனில் ஒரு படப் பத்திரிகை வெளியிட்ட பிறகு அது எங்கும் பரவியது. அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால், 1647இல், இங்கிலாந்து நாடாளுமன்றம் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தையே தடை செய்திருந்தது. 1659இல் அமெரிக்காவில் ஆங்கிலேயர்கள் அமைத்த மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் கொண்டாடியவர்களுக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் விதித்தார்கள். 1681 வரை அந்தச் சட்டம் இருந்தது. தடை செய்தவர்கள் நாத்திகர்கள் அல்லர், கண்டிப்பான கிறிஸ்தவர்கள். விருந்தும் பாட்டும் ஆட்டமும் பக்திக்கு ஒவ்வாதவை என்பது அவர்கள் வாதம். பிறகு சோவியத் நாட்டில் நேர்மாறாக நடந்தது. 1920களின் இறுதியில் மரம் மதச் சின்னம் என்று ஒதுக்கப்பட்டது; 1935இல் அதே அரசு அதைப் புத்தாண்டு மரம் என்று திரும்பக் கொண்டுவந்தது. பக்தி போதாது என்று ஒரு தடை, பக்தி மிகுதி என்று ஒரு தடை. மனிதர்கள் இரண்டையும் தாண்டி வந்து மரத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள்.

நான் ஒன்றும் விதிவிலக்கு இல்லை. அமெரிக்காவில் 2013இல் பியூ ஆய்வு மையம் கேட்டபோது, கிறிஸ்தவர் அல்லாதவர்களிலும் பத்தில் எட்டுப் பேர் கிறிஸ்துமஸ் கொண்டாடுவதாகச் சொன்னார்கள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விடுமுறை கிடைக்கும் நாள் ஒன்று வேண்டியிருக்கிறது. "எப்போதாவது சந்திப்போம்" என்ற பேச்சு ஒருபோதும் நடப்பதில்லை. தேதி இருந்தால்தான் மனிதர்கள் பயணச்சீட்டு எடுக்கிறார்கள். பரிசு வாங்கும் நெருக்கடியும் கடைகளின் கூச்சலும் எனக்குப் பிடிக்காதவை. எங்கள் வீட்டில் குழந்தைகளுக்கு மட்டும்தான் பரிசு.

விளக்குக்கு வருகிறேன். எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் 1882இல் நியூயார்க்கில் தன் வீட்டு மரத்தில் 80 மின்விளக்குகளைப் பொருத்தினார். அதற்கு முன் மெழுகுவர்த்திதான். உலர்ந்த மரத்தில் நெருப்பை வைத்துவிட்டுப் பக்கத்தில் தண்ணீரோடு காத்திருப்பார்கள். இந்தச் சரம் சூடாவதே இல்லை, குழந்தை பிடித்து இழுத்தாலும் பயமில்லை. ஒளி கண்ணை உறுத்தாத மஞ்சள். குறை டைமரில் இருக்கிறது. போட்ட நேரத்திலிருந்து 6 மணி நேரம் எரியும், 18 மணி நேரம் அணைந்திருக்கும், வேறு அமைப்பே இல்லை. மாலை ஆறு மணிக்குப் போட்டால் நள்ளிரவில் அணைந்துவிடுகிறது. இரவுப் பணி முடிந்து விடியும் முன் வீடு திரும்புகிறவர்களைத் தயாரித்தவர்கள் நினைத்தே பார்க்கவில்லை. காலையிலும் மாலையிலும் இரு முறை எரியும்படி ஓர் அமைப்பு கொடுப்பது பெரிய வேலையா? நான் போட்டுக் கொடுக்காத ஒரு மதிப்பெண் இதற்காகத்தான்.

உச்சித் தண்டும் மெலிதாக இருக்கிறது. பேட்டரி போட்ட தேவதையை வைத்தால் சாய்கிறது. நட்சத்திரம் எடை குறைவு, நிமிர்ந்து நிற்கிறது. நாங்கள் நட்சத்திரத்தைத்தான் வைத்தோம். என் நாத்தனார் தேவாலயம் போகிறவர். "அதுவும் வேதத்தில் வருவதுதான் அண்ணி, ஞானிகளுக்கு வழி காட்டிய நட்சத்திரம்" என்றார். தெரியும் என்றேன். அந்தக் கதையை என் வீட்டிலிருந்து துடைத்தெடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசையில்லை. தங்க இடம் கிடைக்காத ஒரு பெண்ணுக்குப் பிள்ளை பிறக்கிறது, முன்பின் தெரியாதவர்கள் பார்க்க வருகிறார்கள். பிரசவ அறையில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். உறவென்று யாரும் இல்லாமல் வந்த தாய்க்குப் பக்கத்துக் கட்டில்காரரின் மாமியார் இரவு முழுவதும் கண்விழித்திருக்கிறார். பிறந்த குழந்தை கடவுள் என்று நான் நம்பவில்லை. ஒரு குழந்தை பிறந்ததற்காக ஊரே விளக்கு ஏற்றலாம் என்பதை முழுமையாக நம்புகிறேன்.

அட்டைப்பெட்டி பலவீனம். முதல் முறை கட்டி வைத்தபோதே மூலை கிழிந்துவிட்டது. தனியாக ஒரு துணிப்பை வாங்கிக்கொள்ளுங்கள். கீல் ஊசிகளுக்கு உதிரி கொடுக்கவில்லை, கொடுத்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் மரம் பல ஆண்டுகள் உழைத்தால்தான் அதை வாங்கியதற்கு நியாயம் உண்டு. ஒரு கீல் போனால் முழு மரத்தையும் வீசும் நிலை வரக்கூடாது. தாங்கி நன்றாக நிற்கிறது, ஆனால் தரையைக் கீறுகிறது, அடியில் தடித்த துணி போடுங்கள்.

தனியாக இருப்பவர்கள் இதை வாங்கினால், கிளை விரிக்கும் நாளில் யாரையாவது கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். இருவர் செய்தால்தான் இரண்டு பக்கமும் சமமாக வருகிறது.