துப்பாக்கிப் பராமரிப்பு: ஒரே பாட்டில் சி.எல்.பி. போதுமா, சால்வென்ட்டும் எண்ணெயும் கிரீஸும் தனித்தனியாக வேண்டுமா?

துப்பாக்கிக்கு எந்த எண்ணெய் நல்லது என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள், அதையும் அடித்துச் சொல்வார்கள். பெயரிலிருந்து தொடங்குவதே தப்பு என்பது என் கட்சி. அழுக்கைக் கரைப்பது ஒரு வேலை, உராய்வைக் குறைப்பது இன்னொரு வேலை, துரு ஏறாமல் காப்பது மூன்றாவது. கரைக்கிற திரவம் மெல்லியதாக, இண்டு இடுக்கெல்லாம் ஊடுருவுவதாக இருக்க வேண்டும். உராய்வைக் குறைப்பதோ வைத்த இடத்தை விட்டு நகராமல் நிற்க வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுகிற குணங்கள். அதனால் எந்த பாட்டிலைக் கையில் எடுத்தாலும், இது எந்த வேலையில் விட்டுக்கொடுத்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

சி.எல்.பி. (கிளீன், லூப்ரிகேட், ப்ரொடெக்ட் என்பதன் சுருக்கம்) என்பது மூன்று வேலையையும் ஒரே திரவம் செய்யட்டும் என்று உருவானது. பிரேக்-ஃப்ரீ என்ற பெயரில் வருவது இதில் ரொம்பப் பிரபலம். அமெரிக்க ராணுவம் இந்த வகைக்கென்றே தனித் தர நிர்ணயம் வைத்திருக்கிறது. ஒரு சிப்பாய் பையில் ஒரே குப்பியைத்தான் சுமக்க முடியும் என்றால் இதைவிட நல்ல வழி கிடையாது. சுட்ட அன்றைக்கே துடைத்தெடுக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கும் இது தாராளமாகப் போதும். ஆனால் போல்ட்டின் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகம்) பின்பக்கத்தில் காய்ந்து இறுகிப்போன கரியையோ, பேரலுக்குள், அதாவது குழலுக்குள், படிந்த செம்பையோ இதை வைத்து எடுக்கப் பார்த்தால் கைதான் வலிக்கும். மசகாகவும் அது நடுத்தரம்தான், சூடு ஏறி நிறைய ரவுண்டு போனதும் மெல்லிய படலம் காய்ந்துவிடும், மறுபடி இரண்டு சொட்டு விட வேண்டியிருக்கும்.

எதிர்ப்பக்கம் ஹாப்பீஸ் நம்பர் 9 மாதிரியான தனி சால்வென்ட்கள். 1903இல் வந்தது, வெடிமருந்துக் கசடைக் கரைப்பதில் இன்றைக்கும் ஆள் அசையாமல் நிற்கிறது. ஆனால் இது கரைப்பான் மட்டும்தான். இதைப் போட்டுத் துடைத்துவிட்டு அப்படியே வைத்தால் இரும்பு மேல் காவலுக்கு ஒன்றும் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஒரு துணித்துண்டில் எண்ணெய் தொட்டு ஓட்டியே ஆக வேண்டும். கார் பிரேக் கிளீனர் ஸ்ப்ரேயை இதற்குப் பதிலாகப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. எண்ணெய்ப் பிசுக்கை நொடியில் கழுவிவிடும், உண்மைதான், கூடவே பிளாஸ்டிக் பாகங்களையும் மரக்கட்டையின் பாலிஷையும் கெடுத்துவிடும். குளோரின் கலந்த வகை சூடான உலோகத்திலோ தீப்பக்கமோ பட்டால் நச்சு வாயு கிளம்பும். எனக்கு அது வேண்டவே வேண்டாம்.

செம்புதான் உண்மையான தலைவலி. செம்பு உறை போட்ட தோட்டாக்கள் பேரலின் உட்புறச் சுருள் வரிகளில் மெல்லிசாகத் தடவிக்கொண்டே போகும், குறி தள்ளத் தொடங்கும்போதுதான் நமக்கு உறைக்கும். இதற்கு இரண்டு வழி: அமோனியா கலந்த சால்வென்ட், அல்லது அமோனியா இல்லாத நுரை வகை. அமோனியா வேகமானது. சால்வென்ட்டில் நனைத்த வெள்ளைத் துணித்துண்டை உள்ளே தள்ளி, சில நிமிடம் விட்டு அடுத்த துண்டைத் தள்ளினால் நீலமும் பச்சையுமாகக் கறை வெளியே வரும். அந்த நிறம் மங்கி மங்கி, துண்டு வெளுப்பாக வரும்வரை திரும்பச் செய்ய வேண்டும். இங்கே ஒரு விஷயம்: வெண்கல பிரஷ்ஷையும், துண்டைத் தள்ளும் கம்பியின் பித்தளை முனையையும் அமோனியா அரிக்கும், அதனாலும் துண்டு நீலமாகும். பேரலில் செம்பு தீர்ந்த பிறகும் பலர் தேய்த்துக்கொண்டே இருப்பது இதனால்தான். நைலான் பிரஷ், நைலான் முனை என்று மாறிக்கொண்டால் கறை உண்மையைச் சொல்லும். லேபிளில் போட்ட நிமிடங்களைத் தாண்டி அமோனியாவை உள்ளே விடாதீர்கள், நிக்கல் முலாம் பூசிய துப்பாக்கிக்கு அருகில் கொண்டே போகாதீர்கள், ஏனென்றால் பல முலாம்களுக்கு அடியில் செம்பு அடுக்கு இருக்கும், அதையும் அது தின்றுவிடும். நுரை வகை இதற்கு நேர்மாறு: நிதானம், நெடி இல்லை, வைப்-அவுட் மாதிரியானதை அடித்து ராத்திரி முழுக்க விட்டுவிடலாம். அவசரம் இல்லாதவர்களுக்கு நான் நுரையைத்தான் சொல்வேன். வெறும் ஈயத் தோட்டா போடும் .22 ரைபிளுக்கு இந்த இரண்டுமே தேவையில்லை.

பழைய ராணுவச் சரக்குத் தோட்டாக்களும் கரிமருந்துத் துப்பாக்கிகளும் தனிக் கதை. அந்தப் பழைய பிரைமர்களில் (தோட்டாவின் அடியில் அடிபட்டதும் பொறி கிளப்பும் சின்னப் பகுதி) இருக்கும் பொட்டாசியம் குளோரேட், எரிந்த பின் உப்பாகப் பேரலில் தங்கிவிடும். அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவை வரவழைக்கும். எவ்வளவு உயர்ந்த எண்ணெயும் அந்த உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். சுடுதண்ணீர் விட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி, உடனே எண்ணெய். பாலிஸ்டால் என்ற எண்ணெய் இங்கேதான் மற்ற எண்ணெய்களை முந்துகிறது: தண்ணீரோடு கலந்தால் பால் மாதிரி வெளுத்துக் கலந்துவிடும், தண்ணீர் உப்பைக் கரைக்கும், துடைத்துக் காய்ந்த பின் எண்ணெய்ப் படலம் மட்டும் மிஞ்சும். அதையே அதிவேகமாகச் சூடேறும் துப்பாக்கிக்கு ஒரே மசகாக நம்புவது சரிவராது, ரொம்ப மெல்லியது.

சரி, எண்ணெயா கிரீஸா? சறுக்கி ஓடும் பரப்புக்குக் கிரீஸ், சுழலும் ஊசிக்கும் சின்ன அச்சுக்கும் எண்ணெய் என்ற பழைய விதி இன்றும் செல்லும். போல்ட் ரைபிளின் பூட்டுக் காதுகள், மடக்குத் துப்பாக்கியின் கீல், பிஸ்டல் ஸ்லைடின் தடங்கள், இவற்றில் எண்ணெய் வழிந்துவிடும், கிரீஸ் நிற்கும். விரல் நுனியில் ஒட்டுகிற அளவு போதும், அப்பக் கூடாது. புழுதி பறக்கும் இடத்திலும் கடுங்குளிரிலும் கணக்கு தலைகீழ்: கிரீஸ் மண்ணைப் பிடித்துக்கொண்டு தேய்க்கும், குளிரில் இறுகும். அங்கே மெல்லிய எண்ணெய் அல்லது உலர் மசகு. ஆனால் உலர் மசகு துருவைத் தடுக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், கிராஃபைட் தூளை அலுமினிய உடல் கொண்ட துப்பாக்கியில் போடவும் வேண்டாம், ஈரம் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும்.

டபிள்யூடி-40 பற்றிக் கேட்காதவர் இல்லை. 1953இல் ஈரத்தை விரட்டுவதற்காகச் செய்தது. மழையில் நனைந்த துப்பாக்கிக்கு முதலுதவியாக அடிக்கலாம், அதன்பின் துடைத்துவிட்டு ஒழுங்கான எண்ணெய் போட வேண்டும். அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால் பெரும்பாலோருக்கு ஒரு சி.எல்.பி., சின்ன டப்பா கிரீஸ், எப்போதாவது தேவைப்படும் நுரை, இவ்வளவே போதும். எதை வாங்கினாலும், தோட்டாவை எடுத்து, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலியா என்று கண்ணால் பார்த்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டுத்தான் பாட்டிலைத் திறக்க வேண்டும். அப்புறம் பிரைமரை அடிக்கும் ஊசியான ஃபயரிங் பின் போகும் துளை உலர்ந்தே இருக்கட்டும், அங்கே எண்ணெய் தேங்கினால் கரியோடு குழைந்து பின்னை மெத்தனமாக்கும், பிரைமரில் அடி சரியாக விழாது. சேம்பரிலும் பேரலிலும் சேமிப்புக்காகத் தடவிய எண்ணெயைச் சுடுவதற்கு முன் உலர்ந்த துணியால் எடுத்துவிடுங்கள். சேம்பர் வழவழவென்றிருந்தால் தோட்டாக் கூடு சுவரைப் பிடிக்காமல் போல்ட்டின் மேல் கூடுதல் விசையைத் தள்ளும்.

ஸ்பிரிங் வைத்த ஏர் ரைபிள்காரர்கள் மேலே சொன்ன எதையும் அமுக்க அறைக்குள் விடவே கூடாது. பிஸ்டன் காற்றை அமுக்கும்போது வரும் சூட்டில் பெட்ரோலிய எண்ணெய் உள்ளுக்குள்ளேயே பற்றி வெடிக்கும், சீலும் ஸ்பிரிங்கும் போய்விடும். அந்த இடத்துக்கு அதற்கென்றே விற்கும் சிலிக்கான் எண்ணெய், அதுவும் தயாரிப்பாளர் சொன்னால் மட்டும், ஒரு சொட்டு.