பழைய கம்ப்யூட்டருக்கு எந்தக் கீபோர்டு: ஊதா அடாப்டரா, அசல் பி.எஸ்.2-வா?

பரணில் கிடந்த பென்டியம் 4 பெட்டியைப் போன மாதம் இறக்கினேன், பழைய போட்டோக்கள் எல்லாம் அதில்தான். ஆன் செய்தால் கீபோர்டு இல்லை என்கிறது, அடுத்த வரியிலேயே தொடர எஃப்1-ஐ அழுத்தச் சொல்கிறது. எதில் அழுத்துவதாம்?

செருகியிருந்தது யூஎஸ்பி கீபோர்டு. விண்டோஸ் ஏறிவிட்டால் அது வேலை செய்யும், ஆனால் அதற்கு முந்தைய திரையில் பயாஸ்தான் (விண்டோஸுக்கு முன் கம்ப்யூட்டரை எழுப்பும் சின்ன மென்பொருள்) அதைக் கண்டுகொள்ள வேண்டும். பயாஸில் 'யூஎஸ்பி கீபோர்டு சப்போர்ட்' அணைந்திருந்தால் கண்டுகொள்ளாது, அதை ஆன் செய்ய உள்ளே போகவும் ஒரு கீபோர்டு வேண்டும்!

சரி, வழி இரண்டு. ஒன்று, யூஎஸ்பி முனையைப் பி.எஸ்.2 (பழைய கம்ப்யூட்டர்களின் சின்ன வட்டத் துளை) ஆக மாற்றும் ஊதா நிற அடாப்டர். சின்னது, விலையும் குறைவு, ஆனால் பாதிப் பேர் ஏமாறுவது இதில்தான். அதற்குள் சிப் எதுவும் கிடையாது, வெறும் கம்பி இணைப்பு. பி.எஸ்.2 மொழியும் பேசத் தெரிந்த கீபோர்டாக இருந்தால்தான் பலிக்கும், இப்போது வருகிற பல கீபோர்டுகளுக்கு அது தெரியாது. என்னுடையதில் மூன்று விளக்கும் ஒரு முறை மின்னின, ஆகா என்று நினைத்தேன், 'நம் லாக்' (Num Lock) பட்டனை அழுத்தினால் அசைவே இல்லை. மின்னுவது கரண்ட் வருகிறது என்பதற்கு மட்டுமே அடையாளம். நம் லாக் விளக்கை ஏற்றி அணைக்கச் சொல்வது கம்ப்யூட்டர், அதனால் அழுத்தும்போது அது மாறினால்தான் இரண்டும் பேசிக்கொள்கின்றன என்று அர்த்தம். இன்னொன்று: கடையில் 'கன்வெர்ட்டர்' என்று தரும் ஒயர் பெரும்பாலும் தலைகீழ் ரகம், பழைய கீபோர்டைப் புது யூஎஸ்பி துளையில் போடுவதற்கானது. முனையைப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது, அசல் பி.எஸ்.2 கீபோர்டு, செகண்ட் ஹேண்டாக இருந்தாலும் போதும். என் ஓட்டு இதற்குத்தான். பயாஸ் எந்த அமைப்பும் கேட்காமல் ஏற்றுக்கொள்ளும். ஊதா துளை கீபோர்டுக்கு, பச்சை மவுஸுக்கு. வடிவம் ஒன்றேதான், அதனால் மேஜைக்கு அடியில் குனிந்து தடவிச் செருகினால் மாறிவிடும். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத்தான் செருக வேண்டும். ஓடும்போது செருகினால் பெரும்பாலும் கண்டுகொள்ளாது, சில மதர்போர்டுகளில் ஃப்யூஸே போய்விடலாம். ஆறு பின்களும் மெல்லியவை, அழுத்தித் திருகினால் வளைந்துவிடும். 1990-களின் பெரிய ஐந்து பின் வட்டத் துளை என்றால் அதற்கும் அடாப்டர் உண்டு, அது ஏமாற்றாது, இரண்டும் பேசுவது ஒரே மொழி.

நான் வாங்கிய பழைய கீபோர்டில் ஸ்பேஸ் பார் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் முதல் முறையே டெலீட்டை அழுத்தி உள்ளே போய்விட்டேன். தேதி 2002 என்று காட்டியது. பயாஸ் அமைப்புகளைக் காத்துவைக்கும் காசு வடிவ சிஆர்2032 பேட்டரி தீர்ந்துபோய் அமைப்பெல்லாம் அழிந்திருக்கிறது. அதை மாற்றாமல் சப்போர்ட்டை ஆன் செய்திருந்தால், பிளக்கைப் பிடுங்கியதும் பழைய கதைதான். பேட்டரியை மாற்றி, சப்போர்ட்டை ஆன் செய்து, எஃப்10-ல் சேவ் செய்தேன். இப்போது யூஎஸ்பி கீபோர்டே ஓடுகிறது. ஒட்டும் ஸ்பேஸ் பார் கீபோர்டு ஒயர் சுற்றி அந்தப் பெட்டியின் மேலேயே இருக்கிறது, தூக்கிப் போட வீட்டில் யாரையும் விடவில்லை.